மிஷின்களுக்கு ஊர்ப்பேர் வைத்தவர்

மத்தியானம் மூன்று பத்துக்குத் திருப்பதி இன்டர்நெட் சென்டரில் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுபோயின. மகள் படிக்கும் அமெரிக்க ஊரில் புயல் அடித்திருந்தது. அவள் மெயிலுக்காகக் காத்திருந்தேன்.

சென்டரைப் பார்த்துக்கொண்டவர் பருத்த மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. ஒவ்வொரு மிஷினுக்கும் ஓர் ஊரின் பேரை வைப்பார். வெளியுலகத்தோடு இணைக்கும் மிஷின் ரேணிகுண்டா. "எல்லாரும் அங்கதான சார் வண்டி மாறணும்?" என்பார்.

திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். "ரேணிகுண்டாவோட நெட்வொர்க் ஃபைலக் காப்பி பண்ணி, புது மிஷினுக்குக் காணிப்பாக்கம்னு பேர மாத்தினேன் சார். அட்ரஸ் நம்பர மாத்தல. ரெண்டும் ஒரே நம்பருக்கு அடிச்சிக்கினு நிக்குது!"

"சீக்கிரம்யா!" என்று கத்தினேன். அவர் கோபிக்காமல் நம்பர் இருந்த அந்த ஒரு வரியைத் திருத்தினார்.

மெயில் வந்தது. "நைனா, நான் பத்திரமா இருக்கேன்."

பதில் எழுத உட்கார்ந்தேன்; எழுத்தெல்லாம் தப்புத்தப்பாக விழுந்தது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவர் கேட்டார்: "துன்னியான்னு கேக்கட்டுமா சார்?"