மூச்சை விடச் சொல்ல மறந்த ஸ்கிரீனிங்

1948 மார்ச் 9, செவ்வாய், காலை ஏழு மணி பத்து நிமிடம். காற்றே இல்லை, புழுக்கம். தூத்துக்குடியில் நான் எக்ஸ்ரே ஆபரேட்டராக இருந்த ஆஸ்பத்திரியின் இருட்டறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தோம். ஸ்கிரீனிங் என்றால் படம் எடுக்காமல், உள்ளே அசைவதை எக்ஸ்ரே திரையில் நேராகவே பார்ப்பது; அதற்குக் கண் இருட்டில் பழக இருபது நிமிடம் வேண்டும். நான், ராணுவத்திலிருந்து திரும்பிய சர்ஜன், சங்கு குளிக்கும் சந்தியாகு, அவருடைய மச்சினன் மிக்கேல். சந்தியாகு கடலுக்குள் இறங்கினால் படகில் கயிறு பிடிப்பவர் மிக்கேல்தான்.

நான்கு மாதத்துக்கு முன் துள்ளிப் பாய்ந்த முரல் மீன் ஒன்று தன் ஊசி மூக்கால் சந்தியாகுவின் இடது மார்பில் குத்தியிருந்தது. புண் ஆறிவிட்டது. ஆனால் நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே படத்தில் இதயத்தின் இடப்பக்கம் பருத்துத் தெரிந்தது. சுற்றிலும் நீர் கோத்திருந்தால் ஊசி குத்தி எடுத்துவிடலாம். இதயச் சுவரே நைந்து புடைத்திருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும்.

“பயமா இருக்கா, சந்தியாகு?” என்றார் சர்ஜன்.

“அடியில இதைவிட இருட்டு, ஐயா. அங்கன சுறா வேற கெடக்கும்.”

“இங்கன டாக்டரு கெடக்காரு, மச்சான்” என்றார் மிக்கேல்.

சுவிட்சைப் போட்டேன். பச்சை வெளிச்சத்தில் விலா எலும்புகளுக்கு நடுவே இதயம் அடித்தது. நெஞ்சு ஏறி இறங்கியதில் உருவம் கலங்கியது.

“மூச்சை அடக்கும்” என்றார் சர்ஜன்.

மற்றவர்கள் பதினைந்து வினாடி தாங்குவார்கள். எக்ஸ்ரே டியூப் சூடேறும் என்பதால் எண்ணுவது என் வேலை. முப்பது, நாற்பது. திரை அசையாமல் நின்றது. இதயம் சுருங்கும்போதெல்லாம் இடது ஓரத்தில் எலுமிச்சை அளவு இடம் மட்டும் வெளியே உப்பியது. மற்றதெல்லாம் உள்ளே போக, அது வெளியே வந்தது. 

“டியூப் போயிரும், சார்.”

“போகட்டும், ஓய். ஆஃப் பண்ணாதேயும். நீரு இல்ல, சுவருதான்!”

மூச்சை விடச் சொல்ல இருவருமே மறந்துபோனோம். மிக்கேல்தான் கயிற்றைச் சுண்டுவதுபோல் சந்தியாகுவின் கையைச் சுண்டி இழுத்தார். “ஏறி வாரும், மச்சான்!” சந்தியாகு மூச்சை விட்டார். டியூபும் அதோடு கருகியது.

நான்காம் நாள் ஆபரேஷன். நாடி பார்க்க ஆளில்லாமல் என்னை நிறுத்தினார்கள். வாசலில் மிக்கேல் மறித்தார்.

“உள்ள கயிறு பிடிக்கது யாரு, அண்ணாச்சி?”

“நாந்தான்.”

“விட்டுராதிய.”

தொடையிலிருந்து வெட்டியெடுத்த தசையுறையைப் புடைப்பின் மேல் இறுக்கிப் போர்த்தித் தைத்தார் சர்ஜன். இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு தையல். என் விரலுக்கடியில் தட்டிய அதே துடிப்பைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று மணி நேரம் அந்த மணிக்கட்டை விடவில்லை.

சந்தியாகு பிழைத்தார். அதன் பிறகு மிக்கேல் கடலில் இறங்கினார். கயிற்றைச் சந்தியாகு பிடித்தார்.

எக்ஸ்ரே வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளியை மூச்சடக்கச் சொன்னால் நீங்களும் அடக்குங்கள். அப்போதுதான் விடச் சொல்ல மறக்க மாட்டீர்கள்.

கருகிய டியூபுக்காக என் சம்பளத்தில் பிடித்தது முப்பத்தேழு ரூபாய் எட்டணா.