பச்சை கேட் மாடிக்கு வரி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இன்று டவுன் பஸ்ஸில் என் ஸ்டாப்புக்கு முன்னாடியே இறங்கி ஓடிவிட்டேன்.

எல்லாம் என் பிரசங்கத்தால் வந்த வினை. பக்கத்து சீட்காரரிடம், "பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கெல்லாம் வரி போட்டால் மைசூரில் வாடகை தானாக இறங்கும்!" என்று முழங்கினேன்.

முன்சீட்டுப் பெண்மணி திரும்பினார். மூன்று மாதமாக வாடகைக்கு வீடு தேடுகிறாராம்.

"குவெம்பு நகர் பார்க் எதிர்ல, பச்சை கேட் வீட்டு மாடி காலியா இருக்கு சார். மகன் வெளிநாட்டிலேர்ந்து வருவான்னு பூட்டியே வெச்சிருக்காங்க. அவங்களுக்கு மொதல்ல போடச் சொல்லுங்க."

"பெத்த மனசு, பாவம்மா," என்றேன்.

"வர்றப்ப வரட்டும் சார். அதுவரைக்கும் என் பொண்ணு அந்த பார்க் பக்கத்து ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணுமா?"

சுற்றியிருந்தவர்கள் "ஹௌது, ஹௌது" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டார்கள். நான் இறங்கியது அப்போதுதான். பச்சை கேட் என்னுடையது.

மாடியை விடலாமா, கமெண்டில் சொல்லுங்கள். டொராண்டோவில் மகன் வாங்கிய வீட்டுக்குப் போன வருஷம் பால் காய்ச்சியதே நான்தான்.