ராக்கெட் அக்காவுக்காகப் பேசுகிறவள்

விளம்பரம் தொடங்கியதும் அம்மா டி.வி.யை அணைத்துவிடுவாள். "சோப்பு விக்கிறவனுக்கெல்லாம் நம்ம பெட்டரியில இருந்தா கரண்டு குடுக்கிறது?" என்பாள். பிறகு எதையோ முணுமுணுத்தபடி இருந்துவிட்டு மறுபடி போடுவாள். பெரும்பாலும் படம் அப்போதுதான் தொடங்கும். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் மின்சாரம் இல்லை. கார் பெட்டரியை நான்தான் கொட்டகலைக் கடைத்தெருவில் சார்ஜ் செய்து தோளில் தூக்கி வருகிறேன். அட்டனில் ரேடியோ, டி.வி. பழுது பார்ப்பது என் தொழில். இந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டியும் யாரோ வேண்டாமென்று கடையில் விட்டுப்போனதுதான்.

அம்மாவின் பெயர் வீரம்மா. கொழுந்து பறிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேறு எந்த வேலைக்கும் அசையமாட்டாள். அப்போதுதான் அந்த விண்வெளிக் கார்ட்டூன் வரும். இரண்டு கிரகங்களுக்கு இடையே ஓயாத சண்டை. அதில் ஒரு இளம்பெண் ராக்கெட் ஓட்டுகிறாள். இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, சுடமாட்டாள். காயம்பட்டவன் எதிரியானாலும் கட்டுப்போட ஓடுவாள். லயத்துப் பிள்ளைகள் அவளுக்கு ராக்கெட் அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எல்லாரும் சிங்களத்தில் பேசுவார்கள். பிள்ளைகளுக்கு அது விளங்காது. அம்மா கினிகத்தேனைக் கடைவீதியில் சிங்களம் பேசி வளர்ந்தவள். முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கியபடியே எல்லாருக்கும் தமிழில் குரல் கொடுப்பாள். எதிரித் தலைவனுக்கு, காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் எங்கள் கண்டாக்கையாவின் குரல்: "பெரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்கு இன்னைக்கு வேல இல்ல, திரும்பிப் போ!" பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள்.

ராக்கெட் அக்காவுக்கு மட்டும் அம்மாவின் சொந்தக் குரல். அவள் "சுட வேண்டாம்" என்றால் அம்மா, "சுடாதீங்கய்யா, அவனயும் ஒருத்தி சொமந்துதானே பெத்திருப்பா, வீட்டுல சோறு வச்சிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருப்பா" என்பாள்.

"அவ அவ்வளவு சொல்லலையேம்மா."

"வாயால சொல்லல. மொகத்தப் பாரு."

கடைசியாகப் பார்த்த வாரம், மூச்சுத் திணறிக் கிடந்த எதிரி ஒருவனுக்கு ராக்கெட் அக்கா தன் முகத்திலிருந்த காற்று மூடியைக் கழற்றி மாட்டிவிட்டாள். "லூசு அக்கா" என்றது ஒரு பிள்ளை. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "மூச்சு முட்டுறவன்கிட்ட நீ எந்த ஊருன்னா கேப்பாங்க?" ராக்கெட் அக்கா சரிந்து விழுந்தாள். மீதி அடுத்த வாரம் என்று போட்டுவிட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்பா இறந்தார். ஃபெக்டரியில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் எழவில்லை. பழுது எங்கே என்று கண்டுபிடித்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அப்பா விஷயத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இழவு வீட்டில் கருமாதி முடியும்வரை ரேடியோகூடப் பாடக்கூடாது. அப்பாவின் அக்கா காளியாயி அத்தை டி.வி.யைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சேலையால் மூடிவிட்டார். ஞாயிறு வந்தது. பிள்ளைகள் வாசலுக்கு வராமல் சாக்கடைக் கானோரமாக வரிசையாக நின்றார்கள்.

"எழவு வீட்டுல படம் கேக்குதோ? ஓடுங்கடி!" என்றார் அத்தை.

சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மீனம்மாவின் மகள் பாக்கியம் மட்டும் நகரவில்லை. "படம் பாக்க வரலீங்க. ராக்கெட் அக்காவும் செத்துப்போச்சான்னு கேட்டுட்டுப் போக வந்தோம்."

மூலையில் சுருண்டு கிடந்த அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"உயிரோட இருக்குன்னு சொல்லி அனுப்பும்மா" என்றேன்.

"பாக்காம எப்பிடிச் சொல்றது? நான் கூட்டிச் சொல்லுவேன். பொய் சொன்னதில்ல."

"வீரம்மா, லயத்துச் சனம் என்ன பேசும்?" என்றார் அத்தை.

"சனம் பேசட்டும் மதினி. பொட்டி பேசாம இருந்தாப் போதும்ல?" என்னிடம் திரும்பினாள். "சத்தத்தக் கொறைக்காத. அந்த வயரயே புடுங்கிப் போடு."

சேலையை விலக்கி, பின்பக்கத்தைத் திறந்து ஒலிபெருக்கியின் கம்பியைக் கழற்றி அத்தையிடம் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன். பிள்ளைகள் சத்தமில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

ராக்கெட் அக்கா அப்படியே கிடந்தாள். எதிரிச் சிப்பாய் எழுந்து தன் முகத்தைத் தடவிப் பார்த்தான். மூடியைக் கழற்றி அவள் முகத்தில் பொருத்தினான். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் கண் திறந்தாள். உதடு அசைந்தது.

பிள்ளைகள் எல்லாரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கதவோரத்திலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "என்னடி சொல்றா?"

அம்மா வாயைத் திறந்தாள். வலது கையை நெஞ்சில் வைத்து, எல்லாருக்கும் தெரியும்படி, மெதுவாக ஒரு மூச்சை இழுத்து விட்டாள்.