கதிரவேலின் மலைக்காற்று

திருகோணமலைக்கு வடக்கே சல்லி ஊர்க் கரையில் சங்கு குளித்தவர்களுக்குள் கதிரவேலுக்கு இருந்த மூச்சு வேறு ஒருவருக்கும் இருக்கவில்லை. மற்றவர்கள் மேலே வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து இரைத்துக்கொண்டிருக்கும்போது அவர் இன்னும் அடியில் மணலைத் தடவிக்கொண்டிருப்பார். புதிதாக வந்தவர்கள் பயந்து போவார்கள். பழகியவர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கியபோது, அவருடைய ஒரே மகன் இராசதுரை வலைக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் நிலாவெளிப் பக்கம் ஒதுங்கியது. அதற்குப் பிறகு சுழியோடக் கூடாது என்று கடற்படையின் தடை வந்தது. கதிரவேலும் மனைவி யோகம்மாவும் அகதி முகாமில் சில காலம் இருந்துவிட்டுத் திருகோணமலை நகரத்துக்கு வந்தார்கள். அவருக்கு ஓர் ஐஸ் ஆலையில் காவல் வேலை கிடைத்தது. கடலில் கிடந்த மனிதர் பகல் முழுவதும் ஒரு கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். தொப்பை வைத்தது. பாதங்கள் மரத்தன. ஐம்பது வயதைத் தாண்டியபோது ஆஸ்பத்திரியில் சீனி வருத்தம், நீரிழிவு, என்றார்கள்.

2002இல் சமாதானம் என்று ஒன்று வந்தது. வெளிநாட்டில் இருந்தவர்கள் பார்க்க வந்தார்கள். சிலர் தங்கியும் விட்டார்கள். டொக்டர் ஆனந்தராசா அப்படித் தங்கியவர். உக்ரேனில் மருத்துவம் படித்தவர். நகரத்து ஓர்ஸ் ஹில் மேட்டில் ஒரு வீட்டின் முன்பகுதியை எடுத்துக் கிளினிக் திறந்தார். கூடவே ஓர் இயந்திரமும் கொண்டுவந்திருந்தார். சாதாரணக் காற்றில் உள்ள ஒட்சிசனைக் குறைத்து, முகமூடி வழியாக அனுப்பும் இயந்திரம். உயர்ந்த மலை உச்சியில் எவ்வளவு காற்று கிடைக்குமோ அவ்வளவுதான் அதில் கிடைக்கும். சில நிமிடம் அந்த மெல்லிய காற்று, பிறகு சில நிமிடம் வழக்கமான காற்று, மறுபடி மெல்லிய காற்று. இப்படி மாற்றி மாற்றிக் கொடுத்தால் உடம்பு இருக்கிற காற்றைச் சிக்கனமாகப் பாவிக்கப் பழகும், தசைகள் சீனியை நன்றாக எடுக்கும், முதுமையும் நோயில்லாமல் கழியும் என்று அந்தப் பக்கத்து நாடுகளில் நம்பினார்கள். ஊர் அதற்கு மலைக்காற்று என்று பெயர் வைத்தது.

சீனி வருத்தக்காரர் சிலரில் அதைச் செய்து பார்க்க டொக்டர் விரும்பினார். கதிரவேல் போகச் சம்மதித்தபோது யோகம்மா சிரித்தாள்.

"வயசு போனாலும் சுகமா இருக்கிறதுக்கு மருந்தோ? இஞ்ச ஆர் வயசு போய்ச் செத்தது?"

இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவள் பல்கீஸ். கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியிலிருந்து தினமும் வந்து போன தாதி. முகமூடியைக் கட்டி, விரலில் கிளிப்பை மாட்டி, அது காட்டும் ஒட்சிசன் எண்ணைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருப்பாள்.

"பயப்பட வேணாம் அண்ணன். வயித்தை இறுக்காதீங்க. நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும். எண் கீழ போனா நான் உடனே கழட்டுவன்."

முதல் நாளே கதிரவேல் அந்த உணர்வை அடையாளம் கண்டார். காதுக்குள் மெல்லிய இரைச்சல், கண் ஓரத்தில் இருட்டு, பிறகு ஒரு தெளிவு. பன்னிரண்டு வருடமாகத் தொடாத கடலடி அது. முகமூடியைக் கழற்றியதும் அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துப் பல்கீஸ் பதறினாள்.

"என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்ல பிள்ளை. நல்லா இருக்கு. நாளைக்கும் வரலாமோ?"

மாதங்கள் போக அவருடைய சீனி இறங்கியது. மேட்டில் ஏறும்போது இரைப்பு நின்றது. டொக்டர் நேர்மையாகவே சொன்னார்: "மலைக்காத்தாலையோ, நீங்கள் தினமும் இந்த மேட்டில ஏறி வாறதாலையோ, எனக்கு இன்னும் நிச்சயமாத் தெரியாது. சீனிக் குளிசை விழுங்கிறதை மட்டும் விடாதீங்கோ." ஆனால் கதிரவேலுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. உடம்பு தனக்குத் திரும்பி வந்துவிட்டது என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். சங்கு குளித்த காலத்தைவிட இப்போது அதிக நேரம் மூச்சடக்குவேன் என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் அந்த ஊரில் சொல்லக் கூடாத கதை அது. கடலடியில் போகக்கூடியவன் என்றால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது: கடற்படைக் கப்பலுக்கு அடியில் குண்டு வைக்க இயக்கம் பழக்கிய ஆள்.

2006 சித்திரையோடு நகரம் மறுபடி கெட்டது. சந்தையில் குண்டு, அதற்குப் பிறகு தீ வைப்பு. டொக்டர் கிளினிக்கைப் பூட்டினார். கொழும்புக்குப் போய் அங்கிருந்து வெளிநாடு போக ஒழுங்கு செய்திருந்தார். இயந்திரத்தைக் கொண்டுபோக முடியவில்லை. போகும் முன் கதிரவேலைக் கூப்பிட்டு, வீட்டில் செய்யச் சின்ன ஏற்பாடு ஒன்றைக் கொடுத்தார். ஒரு முகமூடி, மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய், ஒரு பை, வெள்ளை மணிகள் நிரப்பிய ஒரு தகரக் குப்பி. விட்ட மூச்சையே பையிலிருந்து திரும்ப இழுக்க வேண்டும். அதிலுள்ள கெட்ட வாயுவை மணிகள் உறிஞ்சிக்கொள்ளும். ஒட்சிசன் மெல்ல மெல்லக் குறையும்.

"தனியச் செய்யக் கூடாது. பல்கீஸ் பக்கத்தில இருந்தால்தான். விளங்குதோ?"

"ஓம் ஐயா."

அதை அவர் ஒருநாளும் செய்யவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே சோதனைச் சாவடியில் பையைத் திறந்தார்கள். குழாயையும் குப்பியையும் பார்த்த அதிகாரி நிமிர்ந்து கதிரவேலைப் பார்த்தான். நீர்க்குமிழி வராமல் கடலடியில் நீந்துகிறவர்கள் பாவிக்கும் கருவியிலும் அதே வெள்ளை மணிகள்தான் இருக்கும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தொழில் என்ன என்று கேட்டான். கதிரவேல் பழக்கத்தில், "சங்கு குளிச்சனான்" என்றார்.

கொண்டுபோன இடம் எந்தப் படைமுகாம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. கண்ணைக் கட்டியிருந்தார்கள். இரண்டாம் நாள் கையைப் பின்னால் கட்டி, தலையில் ஒரு பொலித்தீன் பையை மாட்டிக் கழுத்தில் இறுக்கினார்கள்.

அப்போது நடந்ததை அவர் யோகம்மாவிடம் ஒரேயொரு முறை சொன்னார். அவளிடம் கேட்டுத்தான் நான் இதை எழுதுகிறேன். பை முகத்தில் ஒட்டியதும் உடம்பு தானாகப் பழக்கத்துக்குப் போய்விட்டதாம். வயிற்றைத் தளர்த்தினார். நெஞ்சை அடிக்க விட்டார். பல்கீஸ் சொன்னதையெல்லாம் செய்தார். மற்றவர்கள் துடித்துக் காலை உதறும் நேரத்தைத் தாண்டி அவர் அசையாமல் இருந்தார். பையைக் கழற்றினார்கள். பிறகு தமிழ் தெரிந்த ஒருவன் குனிந்து கேட்டான்.

"ஆர் உன்னைப் பழக்கினது?"

"டொக்டர் ஐயா. சீனி வருத்தத்துக்கு."

அவன் அதை மொழிபெயர்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மறுபடி மாட்டினார்கள்.

தான் தாங்கிக்கொள்வதுதான் தனக்கு எதிரான சாட்சி என்று விளங்க அவருக்குச் சில நாட்கள் எடுத்தன. விளங்கிய பிறகு அவர் துடிக்கப் பழகினார். பை தலையைத் தொடுவதற்கு முன்பே கத்தினார். காலை உதறினார். மூத்திரம் போனார். முதலில் அது நடிப்பாக இருந்தது, பிறகு நடிப்பாக இருக்கவில்லை.

வெளியே பல்கீஸ் அலைந்தாள். சிங்களம் நன்றாகப் பேசுவாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அது மருத்துவக் கருவி, நான் தாதி என்று சொன்னாள். ஒரு வாசலில், "முஸ்லிம் பொம்பிளைக்கு இந்தத் தமிழன் ஆர்?" என்று கேட்டுத் துரத்தினார்கள். டொக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கொழும்பில் அவர் தங்கியிருந்த வீட்டைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் அழைத்தாள். யோகம்மாவும் பக்கத்தில் நின்றாள்.

டொக்டர் முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "பல்கீஸ், என்ர விசா அலுவல் நடக்குது. இப்ப என்ர பேர் இதுக்குள்ள வரக் கூடாது. எனக்கு ஏலாது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"அவர் உங்கட நோயாளி, டொக்டர்."

இணைப்பு அறுந்தது. அவர்தான் வைத்தாரா, தானாக அறுந்ததா என்று பல்கீஸ் கடைசிவரை சொல்லவில்லை. யோகம்மாவுக்கு அதில் சந்தேகம் இல்லை.

அடுத்த வருடம் ஒரு நீதிவான் ஆதாரம் இல்லையென்று கதிரவேலை விடுவித்தார். உள்ளே அவருக்குக் குளிசை ஒழுங்காகக் கிடைக்கவில்லை. காலில் வந்த புண்ணை எவரும் பார்க்கவில்லை. வெளியே வந்த மாதமே அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். இடுப்புச் சாரத்தின் ஒரு பக்கத்தை மடித்துச் செருகிக்கொண்டு வாசற்படியில் இருப்பார். போர்வையை முகத்துக்கு மேல் இழுக்கமாட்டார். தலைக்குத் தண்ணீர் வார்த்தால் கத்துவார். யோகம்மா ஈரத் துணியால் துடைத்துவிடுவாள்.

2008இல் டொக்டர் மெல்பேணிலிருந்து தொலைபேசி எடுத்தார். குரலில் உற்சாகம் இருந்தது. திருகோணமலையில் பார்த்த நோயாளிகளைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினாராம். முக்கியமாக ஒரு சுழியோடியைப் பற்றி.

"எல்லாரும் ஆர்வமாக் கேட்டவை. அண்ணை, இப்ப உங்கட சீனி எப்பிடி?"

"குறைவாத்தான் இருக்கு ஐயா."

"கேட்கச் சந்தோஷம். மலைக்காத்து வேலை செய்திருக்கு."

"ஓம் ஐயா."

தொலைபேசியை வைத்ததும் யோகம்மா வெடித்தாள். "காலைப் பற்றிச் சொல்லியிருக்கலாம்தானே? அந்த மனுசன் செய்ததைச் சொல்லியிருக்கலாம்தானே?"

"அவர் கேட்டது சீனியை."

உண்மையில் சீனி குறைவாகத்தான் இருந்தது. அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சிறுநீரகமும் பழுதாகிவிட்டிருந்தது; அதுவும் சீனியை இறக்கும்.

2009 வைகாசியில், போர் முடிந்ததென்று நகரம் முழுவதும் வெடி கொளுத்திய கிழமையில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். மூச்சு முட்டியபோது ஒட்சிசன் முகமூடி கொண்டுவந்தார்கள். அவர் இரண்டு கையாலும் அதைத் தள்ளினார். மூன்று பேர் பிடித்துப் பார்த்தும் மாட்ட முடியவில்லை. தாதி விட்டுவிட்டாள்.

பிரேதத்தைத் தூக்க ஆட்கள் குறைவாக இருந்தார்கள். பல்கீஸ் கிண்ணியாவிலிருந்து வந்து, யோகம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் இருந்தாள். டொக்டருக்கு அறிவிப்பதா என்று அவள் மெதுவாகக் கேட்டபோது யோகம்மா வேண்டாம் என்றாள்.

"அந்தாள் அங்க சந்தோஷமாக் கதைச்சுக்கொண்டிருக்கட்டும்."