கண்ணாடி அறையின் மைக்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ஒருத்திக்கு மெதுவாகப் பேச வராது. அது அவள் குற்றமில்லை. ஐந்து இயந்திரங்கள் ஒன்றாகச் சுற்றும் இடம் அது. படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை இவள் பிடித்துக்கொண்டு, எதிர் முனைகளைப் பிடித்திருப்பவளிடம் "மடி" என்று சொல்வதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அக்கா அந்த இரைச்சலுக்கு மேலே பாட்டும் பாடினாள். அதே தொண்டையோடுதான் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் வந்தாள்.

எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் சைரன். பெயர் வைத்தது நான். இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் என்னை நல்லவளாக்கப் பார்க்காதீர்கள்.

ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் குழு ஓர் இசைத்தட்டு வெளியிடும். டிசம்பரில் விற்க வேண்டியதை ஆகஸ்டிலேயே பாடி முடிக்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் மின்விசிறி ஓடினால் சத்தம் பதிவாகிவிடும் என்று அணைத்துவிடுவார்கள். வியர்வை முதுகில் வழிய, மாட்டுத்தொழுவத்தையும் நட்சத்திரத்தையும் பற்றி முப்பது பேர் உருகி உருகிப் பாடுவோம். அத்தனை பேருக்கு நடுவிலும் அக்காவின் குரல் தனியாகத் தெரியும். உச்சஸ்தாயியில் நடுங்கும், நாங்கள் நிறுத்திய பிறகும் அரை நொடி இழுக்கும். "அந்தம்மாவை நிறுத்திடலாமே" என்று பலரும் சொன்னார்கள். குழுவை நடத்துபவர் ஊரில் பல் டாக்டர். அவர்தான் கேட்டார்.

"நிறுத்திட்டா அங்கிய யாரு துவைப்பா?"

அது நியாயமான கேள்விதான். முப்பது வெள்ளை அங்கிகளையும் அக்காதான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, கஞ்சி போட்டு, கழுத்துப்பட்டை நிமிர்ந்து நிற்க இஸ்திரி போட்டு, யாருடையது எது என்று நூலால் அடையாளம் தைத்துக் கொண்டுவருவாள். பத்துப் பைசா வாங்க மாட்டாள்.

வழி சொன்னது நான்தான். ஒலிப்பதிவுக் கூடத்தின் மூலையில் கண்ணாடி அடைத்த சின்ன அறை ஒன்று உண்டு. தனிக்குரல் பாடுபவர்களை அதற்குள் நிறுத்திக் காதில் ஹெட்போன் மாட்டுவார்கள். உள்ளே பாடுவது வெளியே கேட்காது. அக்காவை அதற்குள் நிறுத்தலாம், முன்னால் ஒரு மைக்கும் வைக்கலாம், ஒயரை மட்டும் செருக வேண்டாம் என்றேன். பல் டாக்டர் கைதட்டாத குறை.

"அக்கா, உங்க குரலுக்குத் தனி மைக் வேணும்னு டாக்டர் சொல்லிட்டார்" என்று அவளிடம் சொன்னதும் நானே. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கா?" என்றாள். உள்ளே போவதற்கு முன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க அவள் பாடியது, ஊமைப்படம் மாதிரித் தெரிந்தது. நாங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினோம்.

அப்படியே ஒன்பது வருடம். ஒவ்வொரு டிசம்பரிலும் பத்துத் தட்டு காசு கொடுத்து வாங்கிச் சலவைக்கூடத்தில் இருப்பவர்களுக்குக் கொடுப்பாள். "இதுல தனி மைக்கு எனக்கு மட்டும்தான்" என்பாள். ஒருமுறை என் எதிரிலேயே தட்டை ஓட்டி, குரல் மேலே ஏறுகிற ஓரிடத்தில் விரலை உயர்த்தி, "இதோ, இது நான்" என்று மகளிடம் காட்டினாள். அது நான். நான் நாற்பது தடவை பயிற்சி செய்து பிடித்த சுரம். பல்லைக் கடித்துக்கொண்டு, "அருமை அக்கா" என்றேன். அந்த எரிச்சல் எனக்கு அடங்கவே இல்லை.

அடுத்த வருட ஒலிப்பதிவில், தேநீர் இடைவேளையில், அக்கா அங்கிகளை எடுத்துவர வண்டிக்குப் போயிருந்தாள். நான் என் மைக்கின் முன்னால் நின்று, ஒரு துண்டை அவளைப் போலவே தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கழுத்தை நீட்டி, ஒரு தாலாட்டுப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை அவள் குரலில் பாடினேன். நடுக்கம், இழுப்பு, கடைசி அரை நொடி, எதையும் விடவில்லை. குழுவும் ஒலிப்பதிவாளரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவள் திரும்பி வந்தபோது, "என்ன சிரிப்பு, என்கிட்டயும் சொல்லுங்க" என்றாள். யாரோ பல் டாக்டரைப் பற்றி ஒரு பழைய ஜோக்கைச் சொல்லிச் சமாளித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பத்தாவது வருடம் அவளுக்குக் குரல் கட்டியது. கஷாயம் குடித்தாள், ஆவி பிடித்தாள், சரியாகவில்லை. அவள் விரிப்பு துவைத்த அதே மருத்துவமனையில் பார்த்துச் சொன்னார்கள்: புற்றுநோய், குரல்வளையையே எடுத்தாக வேண்டும். நான்கு நாள்தான் அவகாசம். அதற்குள் ஒரு பாட்டையாவது பதிந்துவைக்கப் பார்த்தாள், காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கழுத்தில் ஒரு துளை, கையில் ஒரு நோட்டு. பேச வேண்டியதை எழுதிக் காட்டுவாள். மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் போனில் அம்மாவின் பேச்சு கொஞ்சம் இருந்தது, "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்று. பாட்டு இல்லை. ஒரு நாள் அக்கா என் வீட்டுக்கு வந்து நோட்டை நீட்டினாள்.

"தட்டில் எல்லோரோடும் கலந்து இருக்கிறேன். என் மைக்கில் பதிவானதைத் தனியாக எடுக்கலாமாமே? ஒரே ஒரு பாட்டு போதும். பிறக்கிற குழந்தைக்கு என் பாட்டு வேண்டும்."

அப்போதே சொல்லியிருக்கலாம். பழைய பதிவுகளையெல்லாம் அழித்திருப்பார்கள், தப்பித்துவிடலாம் என்று நம்பி அவளோடு போனேன்.

பழைய ஒலிப்பதிவாளர் வேலையை விட்டுப் போயிருந்தார். புதியவர் சின்ன வயது, நல்ல மனிதர், அதுதான் வினையாகிவிட்டது. எல்லா வருடமும் பத்திரமாக இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லித் திரையில் திறந்தார். மற்ற மைக்குகளுக்கு நேராகக் கோடு மலையும் பள்ளமுமாக ஓடியது. கண்ணாடி அறைக்கு நேராக எதுவுமே இல்லை.

"போன வருஷம் மைக் வேலை செய்யலை போலம்மா. முந்தின வருஷம் பாக்கறேன்." அதிலும் இல்லை. அதற்கு முந்தைய எதிலுமே இல்லை. அவர் தலையைச் சொறிந்தார். "ஒன்பது வருஷமும் ஒயரே போடலையா? இப்படியா வேலை பார்ப்பாங்க!"

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

"இருங்க இருங்க, தனிப்பாட்டு ஒண்ணு இருக்கு" என்றார் அவர். "பேரு ஒரு மாதிரி இருக்கே. சைரன்னு போட்டிருக்கு. சைரன்னா யாரு?"

அக்கா நோட்டைப் பிரித்து ஒரே சொல் எழுதி அவரிடம் காட்டினாள்: "நான்."

ஆக, பெயர் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவர் பாட்டை ஓடவிட்டார். தாலாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஓடியது. இரண்டாவது வரியிலேயே அவள் முகம் மலர்ந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பாட்டு முடிந்ததும் குழுவின் சிரிப்பு வெடித்தது. அதற்கு நடுவே என் சொந்தக் குரல் தெளிவாகக் கேட்டது: "சிரிச்சது போதும்டி, சைரன் வந்துடப் போறா! மைக்குக்கு ஒயர் எங்கேன்னு கேட்டுடப் போறா!"

அவர் சட்டென்று நிறுத்தினார். நான் அழுதேன். "அக்கா, மன்னிச்சிடுங்க" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. நோட்டில் எழுதி அவரிடம் நீட்டினாள்.

"சிரிப்பை வெட்டிவிட்டு இதைக் கொடுங்கள்."

வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் எனக்கென்று எழுதினாள். "கடைசியில் நான் இன்னும் கொஞ்சம் இழுப்பேன். மற்றபடி நான்தான்."

டிசம்பரில் பேத்தி பிறந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் மகள் போன் செய்தாள். "சித்தி, எவ்வளவு அழுதாலும் அம்மா பாட்டைப் போட்டா உடனே தூங்கிடுறா. கேளுங்களேன்." போனைப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் அக்காவைக் கேலி செய்து பாடிய அந்தத் தாலாட்டை முழுவதும் கேட்டேன். துண்டிக்க எனக்குத் துணிவில்லை.

"அம்மா எங்கேடி?" என்றேன்.

"உள்ள இஸ்திரி போட்டுட்டு இருக்காங்க. உங்க அங்கி ரெடியாம், வந்து வாங்கிக்கச் சொன்னாங்க."