சம்பூர்ப் பிரதியில் மட்டும்

குலசிங்கம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட அலுவலகத் தொலைபேசிக்கு வந்தது. அகதி முகாமிலிருந்து பேசியவர், "உங்கட நம்பர் அவற்ற கொப்பியில எழுதிக் கிடந்தது டீச்சர்" என்றார். வகுப்புக்குத் திரும்பிப் போனேன். பாடம் நடத்த ஏலவில்லை.

திருகோணமலையில் பலருக்கு அவர் 'ஒப்பறேற்றர்'. எரிந்துபோன தியேட்டரில் பல வருடம் படம் ஓட்டியவர். அவர் கடைசியாகச் செய்த வேலை என்னவென்று அவரை அறிந்த உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அதில் நானும் கூட்டாளி.

கொட்டியாரக் குடாவில் நம்மவர்கள் சேர்ந்து முன்பு ஒரு படம் எடுத்தார்கள். அதன் சுருள் தியேட்டரோடு எரிந்தது. மிஞ்சியவை மூன்று வீடியோ கசற்றுகள்: குச்சவெளியில் ஒன்று, கட்டைபறிச்சானில் ஒன்று, சம்பூரில் அண்ணையின் வீட்டில் ஒன்று. மூன்றும் மூன்று விதமாக ஓடின. சண்டை நின்று, சமாதானம் என்று பாதை திறந்திருந்த நாட்களில், மூன்றையும் வைத்து மூலப்படத்தைக் கண்டுபிடிக்கலாமா என்று கேட்டு என்னிடம் வந்தார். நான் பல்கலைக்கழகத்தில் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தவள். ஏட்டுக்குச் செய்வதைப் படத்துக்கும் செய்யலாம் என்றேன். "டீச்சர் இப்ப படத்துக்கும் ஏடு பார்க்கிறா" என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

சனிக்கிழமைகளில் மூதூரில் படகேறித் திருகோணமலைக்கு வருவார். என் வீட்டில் இருந்துகொண்டு, காட்சி காட்சியாக நிறுத்திக் குறித்தோம். குச்சவெளிப் பிரதியிலும் கட்டைபறிச்சான் பிரதியிலும் ஒரே பாட்டு ஒரே இடத்தில் அறுந்தது. ஒரே பிழை இரண்டிலும் இருந்தால் இரண்டுக்கும் தாய்ப்பிரதி ஒன்று என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சரியா இருக்கிறது ஒண்டும் சொல்லாது. பிழைதான் சாட்சி" என்றார். நான் படித்த எந்தப் புத்தகமும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. சுருளில் ஒட்டுப் போட்ட இடத்தில் படம் மெல்லத் துள்ளும் என்பதை அவர்தான் எனக்குக் காட்டித் தந்தார்.

சம்பூர்ப் பிரதியில் மட்டும் பதினொரு விநாடிக் காட்சி ஒன்று இருந்தது. படகு கட்டும் ஜெட்டியில் சனத்துக்குள் நிற்கும் ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். கதைக்கும் அவளுக்கும் தொடர்பே இல்லை. "இடைச்செருகல்" என்றேன். அவர் பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தார். மூன்றாம் தரமும் ஓட்டியபோது எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"என்ன அண்ணை, இதிலேயே நிண்டால் எப்ப முடிக்கிறது?"

கதிரையிலிருந்து எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். "ரெண்டு பக்கமும் துள்ளுது டீச்சர். ஒட்டுத்தான். முறை எண்டால் முறை. எடுத்துவிடுங்கோ."

எங்கள் திருத்திய பிரதியில் அதைச் சேர்க்கவில்லை. ஏட்டுப் பதிப்பில் செய்வதுபோல என் கொப்பியில் அடிக்குறிப்பு எழுதினேன். சம்பூர்க் கசற்றை அவர் தன் வீட்டுக்கே கொண்டுபோனார்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கி, சம்பூர் முழுக்க இடம்பெயர்ந்தது. உடுத்த சாரத்தோடு வெளிக்கிட்டவர் அவர். கசற் வீட்டோடு போய்விட்டது. பல மாதம் கழித்து முகாமில் அவரைக் கண்டேன். பாதியாக மெலிந்திருந்தார்.

"அந்தத் துண்டு உங்கட பிரதியில கிடக்கோ டீச்சர்?"

"இல்லை அண்ணை. நாங்கள் எடுத்தனாங்கள் தானே."

"ஓம், ஓம்" என்றார். தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறார்.

பிறகுதான் சொன்னார். அது அவருடைய மனைவி. படப்பிடிப்புப் பார்க்கப் போய்ச் சனத்தோடு நின்றவர். படம் எடுத்தவர்கள் வெட்டிப் போட்ட துண்டை இவர் எடுத்து வைத்து, தியேட்டருக்கு வந்த சுருளில் தன் கையாலேயே ஒட்டியிருக்கிறார். அந்தச் சுருளிலிருந்து பதிந்ததுதான் சம்பூர்க் கசற். சமாதானத்துக்கு முன்பு, படகு ஓடாத ஒரு கிழமையில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வழியில்லாமல், காய்ச்சலில் இறந்துபோனவர் அந்த மனுசி. ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை.

"ஏன் அப்ப சொல்லேல்லை?" என்று கத்தியே விட்டேன்.

"சொன்னால் நீங்கள் எடுக்கமாட்டியள். பிறகு அது பிழையான பிரதி."

முறைப்படி என் முடிவு சரியானது.

"அடிக்குறிப்பு எழுதினனீங்கள் தானே? கொண்டு வந்து வாசியுங்கோ" என்றார். அடுத்த கிழமை கொப்பியோடு போனேன். நான் வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். இந்த முறை எனக்கு எரிச்சல் வரவில்லை.

"நீலச் சேலை எண்டு எழுதியிருக்கிறியள். கசற்றில அப்பிடித்தான் தெரியும். அது பச்சை."

என் பேனையை வாங்கி அவரே வெட்டித் திருத்தினார். அதுதான் எங்கள் கடைசிச் சந்திப்பு.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு திருத்தம்தான். "சம்பூர்ப் பிரதியில் மட்டும்: ஜெட்டி. பதினொரு விநாடி. பச்சைச் சேலை உடுத்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். இடைச்செருகல்." கடைசிச் சொல்லை அடித்துவிட நேற்றுப் பேனையை எடுத்தேன். அண்ணை விடமாட்டார் என்று தோன்றியது. அதை அப்படியே விட்டுவிட்டு, கீழே அவளுடைய பெயரை எழுதினேன். பூமணி.