ஜீப் மேல் நாலு விளக்கு

திசையன்விளையில் 'ஃபஹ்மிதா ஆட்டோ எலெக்ட்ரிக்கல்ஸ்' பலகை தொங்கி ஏழு வருஷம் ஆகிறது. பலகையைப் படித்துவிட்டு வருகிறவர்களும் ஃபஹ்மிதாவிடமே கேட்கிறார்கள்: "ஆம்பளையாளு யாரும் இல்லியாம்மா?"

உவரி ரெக்சனும் அதைத்தான் கேட்டான். அவன் ஜீப்பின் கூரைக் கேரியரில் நாலு விளக்கு இருந்தது. தேரிக்காட்டுச் செம்மணலில் ராத்திரி ஓட்ட அது வேண்டும். வீட்டு ஷெட்டுக்குள் நுழையக் கேரியரைக் கழற்ற வேண்டும். கழற்றும்போதெல்லாம் வயரை வெட்டுவான், மாட்டும்போது முறுக்கி டேப் சுற்றுவான். போன வாரம் வெட்டின முனை ஜீப் கூரையில் பட்டுப் பொறி பறந்துவிட்டது.

"பழையபடி முறுக்கி விட்டாப் போதும்."

"முறுக்குறதுக்கு நான் எதுக்கு? வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க."

அவன் போகவில்லை. ஃபஹ்மிதா ஃப்யூஸும் ரிலேயும் வைத்து, நடுவில் ப்ளக் மாட்டினாள். கரண்ட் வரும் ஜீப் பக்கம் துளை, விளக்குப் பக்கம் பின். துளைக்குள் இருக்கும் கரண்ட் வெளியே எதிலும் படாது. இதை மாற்றிப் போட்டுத்தான் பல பேர் வயரைக் கருக்குகிறார்கள்.

"சுவிட்சப் போட்டுட்டு ப்ளக்கப் புடுங்குங்க அண்ணாச்சி. ஜீப் பக்கத்து முனையக் கூரையில தொடுங்க."

ரெக்சன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தொட்டான். ஒரு பொறிகூட இல்லை.

"கண்ணத் தொறங்க. ஆம்பளையாளு யாரும் இல்லாமத்தான் மாட்டிருக்கேன்."